'தி' உதிர்ந்த சொற்கள்

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ராத்திரி, வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து டீமுக்கு ஒரு மெயில் டைப் செய்தேன். மூன்றே வரி. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளைக்கு ஸ்டாண்டப் முடிந்ததும் லாக் ஆஃப் செய்துவிடுவேன், அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள். கிளையண்டுக்கும் போகிற மெயில் என்பதால் வழக்கம்போல அமெரிக்காவில் இருந்த சக ஊழியர் ஒருவருக்கு முதலில் அனுப்பினேன். நான் கேட்டுக்கொண்டதால் என் ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிற நல்ல மனிதர் அவர். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. இரண்டு திருத்தங்கள். 'மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிடல்' என்று எழுதியிருந்தேன். ஹாஸ்பிடலுக்கு முன்னால் ஒரு 'தி' போட்டிருந்தார். 'ஆஃப்டர் தி ஸ்டாண்டப்' என்று எழுதியிருந்தேன். அந்த 'தி'யை எடுத்துவிட்டிருந்தார். கீழே, அப்பா சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒரு வரி.

மெயிலை அனுப்பிவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு 'தி'யையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி யோசிக்காமல் இருக்க அது உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் தமிழ் மீடியம். எங்கள் ஆங்கில வாத்தியார் கணக்கு ரொம்ப சிம்பிள்: 'தி' விட்டால் அரை மார்க் போச்சு. ஆகவே நாங்கள் எல்லா இடத்திலும் 'தி' போட்டோம். தி லஞ்ச், தி சண்டே, தி ஸ்கூல். சாம்பாரில் உப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து இரண்டு கை போடுகிற மாதிரி. எஞ்சினியரிங் இரண்டாம் வருஷத்தில்தான், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரென் அண்ட் மார்ட்டினில், 'தி' போடவே கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் இருப்பதைப் பார்த்தேன். சாப்பாட்டு வேளைகளின் பெயர்களுக்கு முன்னால் கூடாது. ஸ்கூல், காலேஜ், சர்ச், பெட், டேபிள், ஹாஸ்பிடல், மார்க்கெட், பிரிசன் இவற்றுக்கு முன்னாலும் கூடாது. ஆனால் அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே நீங்கள் அங்கே போனால் மட்டும். ஜெயிலுக்கு அதன் முதன்மையான பயனுக்காகப் போவது என்றால் என்ன என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க சிரித்தோம். கைதி 'இன் பிரிசன்'. அவனைப் பார்க்க மனு போட்டுப் போகிற அம்மா 'அட் தி பிரிசன்'. சிரிப்பு அடங்கியபோது, இதில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று மட்டும் பட்டது. (இந்த ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்த பி.சி.ரென். 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற சாகச நாவலை 1924-இல் எழுதியவரும் இவரே. பாலைவனப் படைவீரர்களையும் 'தி'யையும் ஒரே ஆள் மேய்த்திருக்கிறார்.)

ஆக என் ஹாஸ்பிடல், ரென் அண்ட் மார்ட்டின் கொடுத்த பிரிட்டிஷ் ஹாஸ்பிடல். நண்பருடையது அமெரிக்க ஹாஸ்பிடல். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் நோயாளி 'இன் ஹாஸ்பிடல்', மறு கரையில் 'இன் தி ஹாஸ்பிடல்'. பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய மருத்துவ சேவை வந்து ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொதுவானதால் 'தி' போய்விட்டது என்று ஒரு அழகான கதை கட்டலாம்தான். ஆனால் முதல் உலகப்போரில் காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களே 'இன் ஹாஸ்பிடல்' என்றுதான் வீட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். கதை நிற்காது. அதை விட்டுவிடுவோம். என்னை அதிகம் குடைந்தது ஸ்டாண்டப். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத நேற்றைய சொல். அதற்குள் எப்படி 'தி'யை உதிர்த்துவிட்டு டின்னருக்கும் சர்ச்சுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது?

*

ஆங்கிலத்துக்கு முதலில் 'தி' கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இருந்தவை 'அந்த' என்று சுட்டும் சொற்கள்தான். ஆண்பால், பெண்பால், அலிப்பால், ஒருமை, பன்மை, வேற்றுமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உருவம். நார்மன் படையெடுப்புக்குப் பின் வந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் சொற்களின் வால்கள் தேய்ந்தன. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக் குறிப்பேடு 1154-ஆம் வருடத்தோடு நிற்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் அத்தனை சுட்டுருவங்களும் ஒரே ஒரு சின்னச் சொல்லாகக் கரைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதுதான் இன்றைய 'தி'. ஒன்று என்ற பொருள் கொண்ட 'ஆன்' தேய்ந்து 'அன்', 'அ' ஆனது. நம் 'ஒன்று'க்கு 'ஒரு' இருப்பதைப் போலத்தான்.

மொழி இப்படி மாறும்போது எல்லாச் சொற்றொடரும் ஒரே நாளில் மாறாது. ஊரெல்லாம் தார் ரோடு போட்ட பிறகும் நடுவில் ஒரு மண் சந்து விட்டுப்போகும் இல்லையா, அப்படி 'டு பெட்', 'அட் ஹோம்' மாதிரியான அன்றாடத் தொடர்கள் 'தி' இல்லாமலே தங்கிவிட்டன. இது ஒரு விளக்கம். நியாயமான விளக்கமும்கூட. ஆனால் பாதி விளக்கம். லஞ்ச், கிளாஸ், ரிஹர்சல் எல்லாம் 'தி' வந்து நிலைத்த பிறகு இந்த வரிசையில் சேர்ந்தவை. மண் சந்து பழசு என்றால் புரிகிறது. புதுசாக மண் சந்து யார் போடுகிறார்கள்?

டென்மார்க்கைச் சேர்ந்த பால் கிறிஸ்டோஃபர்சன் 1939-இல் ஆங்கிலச் சார்படைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இந்த வெற்றிடத்தை 'சுழிய வடிவம்' என்று அவர் எடுத்துக்கொண்டார். அதாவது எதுவும் போடாததும் ஒரு தேர்வு. புரோகிராமர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காலியாக விட்ட பெட்டிக்கும், அதில் 'நல்' என்று எழுதிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை ராத்திரி போயிருக்கிறது. 1998-இல் லாரல் ஸ்மித் ஸ்டுவான் என்ற மொழியியலாளர் இந்த வெற்று ஒருமைப் பெயர்ச்சொற்களை மட்டுமே எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். 'தி' இல்லாததற்கு ஒரு டாக்டர் பட்டம். நம் வாத்தியார் அரை மார்க்தான் கழித்தார்.

*

நான் தேடியபோது கிடைத்த முதல் நல்ல தடயம் 'நூன்' என்ற சொல். நடுப்பகல். 'அட் நூன்' என்பார்கள், 'தி' வராது. இது முதலில் நேரத்தின் பெயர் இல்லை, ஒரு வழிபாட்டின் பெயர். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் நாள் முழுவதும் குறித்த வேளைகளில் கூடி ஜெபிக்க வேண்டும். விடியலிலிருந்து எண்ணி ஒன்பதாம் மணியில் வருகிற ஜெபத்துக்கு லத்தீனில் 'நோனா', ஒன்பதாவது. இன்றைய கணக்கில் பிற்பகல் மூன்று மணிவாக்கில். அந்த ஜெபம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பதினான்காம் நூற்றாண்டுவாக்கில் உச்சிவேளைக்கே வந்துவிட்டது. விரத நாட்களில் அந்த ஜெபம் முடிந்த பிறகே சாப்பாடு என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். துறவிகளுக்கும் பசிக்கும். ஜெபம் நகர்ந்தபோது அதன் பெயரும் கூடவே போய் நடுப்பகலுக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பது என்று பெயர் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணியில் நிற்கிறது.

நேரம் ஜெபத்தை நிர்ணயிக்கவில்லை, ஜெபம்தான் நேரமாக இருந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் என்பதே கிறிஸ்துவின் மாஸ், பூசை. செப்டம்பர் 29-ஆம் தேதி மிக்கேல் சம்மனசின் பூசை, 'மிக்கல்மஸ்'. அன்றைக்கு இங்கிலாந்தில் குத்தகை கட்ட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் இன்றும் முதல் பருவத்துக்கு அதுதான் பெயர். நிலம் உழுகிறவன் கையில் கடிகாரம் இல்லை, காலண்டர் இல்லை. பூசை இருந்தது, பூசைக்கு மணி இருந்தது. 'கிளாக்' என்ற சொல்லே மணியைக் குறிக்கும் லத்தீன் 'கிளாக்கா'விலிருந்து வந்ததுதான். சாலிஸ்பரி தேவாலயத்தில் 1386-ஐ ஒட்டிச் செய்ததாகச் சொல்லப்படும் கடிகாரம் இருக்கிறது. அதற்கு முகமும் கிடையாது, முள்ளும் கிடையாது. மணி மட்டும் அடிக்கும்.

இன்னொன்று. 'த்ரீ ஓ கிளாக்' என்கிறோமே, அந்த 'ஓ' என்ன என்று யோசித்ததுண்டா? 'ஆஃப் தி கிளாக்'. சூரியனைப் பார்த்துச் சொன்ன நேரம் இல்லை, கடிகாரத்தின்படி மூன்று மணி என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்த காலத்துத் தொடர். ஊர் முழுக்கக் கடிகாரத்தின்படி நடக்க ஆரம்பித்ததும் எந்தக் கணக்கு என்று சொல்லத் தேவையில்லாமல் போனது. 'தி' அப்படியே விழுங்கப்பட்டது. எனக்கு இந்த ஒரு சொல் போதும்.

இங்கே ஒரு திருத்தம். நேரம் குறிக்கப்பட்டால் 'தி' விழும் என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடக் கூடாது. டின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் டின்னர் காலை பதினொரு மணிவாக்கில். பதினெட்டாம் நூற்றாண்டில் மதியம் மூன்று, நான்கு என்று இறங்கியது. விக்டோரியா காலத்துக் கனவான்களுக்கு ராத்திரி ஏழு, எட்டு. முந்நூறு வருஷத்தில் ஒரு சாப்பாடு முழுப் பகலையும் நடந்து கடந்திருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் லஞ்ச் வந்தது. 1755-இல் வந்த ஜான்சனின் அகராதியில் லஞ்ச் என்றால் ஒரு கையில் பிடிக்கிற அளவு தீனி, அவ்வளவுதான். ஆனால் பதினொரு மணிக்கும் எட்டு மணிக்கும் டின்னர் டின்னர்தான், 'ஆஃப்டர் டின்னர்' ஆஃப்டர் டின்னர்தான். மணி எத்தனை என்பது இங்கே பொருட்டில்லை. நாளின் வரிசையில் அது ஒரு படி. எல்லோரும் அதில் கால் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள் என்பதே பொருட்டு. உங்கள் கல்யாணத்தில் நடந்த டின்னர் என்றால் உடனே 'தி டின்னர்' ஆகிவிடும். அது வரிசையில் வந்ததில்லை.

*

எல்லோரும் என்று சொன்னேன். எல்லோரையும் அந்தப் படியில் ஏற்றியது யார்?

1559-இல் முதலாம் எலிசபெத்தின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களிலும் ஊர்க் கோயிலுக்கு வராதவருக்கு ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பென்ஸ் அபராதம். 1581-இல் அது மாதத்துக்கு இருபது பவுண்டு ஆனது. விடாப்பிடியான கத்தோலிக்கக் குடும்பங்களைச் சொத்தோடு அழிக்கிற தொகை. 'சர்ச்' என்ற சொல் 'தி' இல்லாமல் நிற்பது அதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கம்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகு, ஞாயிறு காலை நீங்கள் 'அட் சர்ச்' இருந்தீர்களா இல்லையா என்பது அபராதத்துக்குரிய கேள்வி. கட்டிடத்தைப் பற்றிய கேள்வி இல்லை அது. நீ யாரோடு சேர்ந்தவன் என்ற கேள்வி.

இதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டு எதிர்த்தவர்கள் குவேக்கர்கள். ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1650-களில் கிளம்பினார்கள். கோயில் கட்டிடத்தை 'சர்ச்' என்று கூப்பிடவே ஃபாக்ஸ் மறுத்தார். சர்ச் என்பது கூடுகிற மனிதர்கள், கல்லும் காரையும் எப்படி சர்ச் ஆகும்? அவருக்கு அது வெறும் 'கோபுர வீடு'. தாங்கள் கூடுவதை 'மீட்டிங்' என்றார்கள். பாதிரி இல்லை, பாட்டு இல்லை. மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து பேசுவார்கள்.

1664-இல் அவர்களையும் அவர்கள் மாதிரியானவர்களையும் குறிவைத்து இன்னொரு சட்டம் வந்தது. ஒரு வீட்டாரைத் தவிர வெளியாட்கள் ஐந்து பேருக்கு மேல் அரசுச் சபையின் முறைக்கு மாறாக வழிபடக் கூடினால் குற்றம். முதல் தடவை மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டாம் தடவை ஆறு மாதம், மூன்றாம் தடவை கடல் கடந்து நாடு கடத்தல். அபராதம் கட்டித் தப்பிக்கலாம், வசதி இருந்தால். குவேக்கர்கள் ஒளிந்தும் கூடவில்லை. அதே இடத்தில், அதே வேளையில், எல்லோருக்கும் தெரியும்படி கூடினார்கள். 1682-இல் பிரிஸ்டல் நகரத்தில் பெரியவர்களைக் கிட்டத்தட்ட மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். குறித்த நாள் வந்தது. பிள்ளைகள் தாங்களாகவே கூடி, பெரியவர்களைப் போலவே மௌனமாக உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள். அடுத்த தடவையும் கூடினார்கள்.

குவேக்கர் பேச்சு வழக்கில் 'அட் மீட்டிங்', 'ஆஃப்டர் மீட்டிங்'. 'தி' கிடையாது. கட்டிடம் பூட்டிக் கிடக்க, அப்பா அம்மா ஜெயிலில் இருக்க, வேளை வந்ததும் நடந்தது எதுவோ அதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்கு ஏழு மீட்டிங் நடக்கும். ஒன்றுகூட 'தி'யையோ 'ஏ'யையோ உதிர்த்ததில்லை. 'ஐ ஹேவ் ஏ மீட்டிங்' என்று பெருமூச்சு விடுகிறோம். யாரும் அடி வாங்கிக்கொண்டு போய் உட்கார மாட்டோம் என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

*

தொழிற்சாலைக் காலத்தை வேகமாகக் கடக்கலாம், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஈ.பி.தாம்சன் 1967-இல் எழுதிய நேரமும் வேலை ஒழுக்கமும் பற்றிய கட்டுரையை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள். காலையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்து, சாயங்காலம் பின்னால் இழுத்துவைத்த முதலாளிகளைப் பற்றிய வாக்குமூலங்கள் அதில் இருக்கின்றன. தொழிலாளி சொந்தமாகக் கைக்கடிகாரம் வைத்திருந்தால் ஆபத்து. நேரம் யாருடையது என்பது அங்கே சண்டைக்குரிய விஷயம்.

1833-ஆம் வருடத்து ஃபாக்டரி சட்டம், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆலையில் வேலை செய்யக் கூடாது, இரண்டு மணி நேரம் பாடம் படிக்க வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில் 'வர்க்', 'ஸ்கூல்' இரண்டுமே வந்துவிட்டன, இரண்டுமே 'தி' இல்லாமல். 1880-இல் ஐந்து முதல் பத்து வயது வரை எல்லோருக்கும் பள்ளி கட்டாயமானது. அதுவரை சிலரின் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்திய 'அட் ஸ்கூல்' நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற வாக்கியமாயிற்று. அபராதமும் கூடவே வந்தது, 1559-இல் போல.

என் விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆலை. மணியால் இயங்கிய இடங்களிலேயே கொடுமையானது அதுதான். ஆனால் 'அட் தி மில்', 'இன் தி ஃபாக்டரி' என்றுதான் சொல்ல வேண்டும். 'தி ஆபீஸ்' கூட அப்படியே. என் ஊகம் இது: அந்த இருக்கையில் 'வர்க்' என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ஆலை என்பது சுவர்கள், முதலாளியுடையவை. அதற்குள் தான் கொடுக்கிற நேரம் 'வர்க்'. 'ஆன் ஷிஃப்ட்' என்பதிலும் 'தி' இல்லை. பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர், யார்க்ஷயர் பேச்சிலோ 'தி' வெறும் 'ட்' ஆகி, பல வாயில் தொண்டைக்குள் ஒரு சின்ன விக்கலாகவே நின்றுவிடும். அது அந்த வட்டார வழக்கின் தனிக் கதை, எல்லாச் சொல்லுக்கும் நடப்பது. இருந்தாலும் பஞ்சாலைக்காரன் மகன் எனக்கு, மில்லின் 'தி' விக்கலாகிப் போனதில் ஒரு சந்தோஷம்.

*

எந்தச் சொல் கடைசிவரை 'தி'யை உதிர்க்கவில்லை என்று ஒரு நாள் பட்டியல் போட்டுப் பார்த்தேன். கிச்சன். 'இன் தி கிச்சன்'தான், எப்போதும். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் மூன்றும் சாப்பிடுகிறவர் பக்கத்திலிருந்து வைத்த பெயர்கள். சமைக்கிறவருடைய வேளைக்கு அந்த வரிசையில் பெயரே இல்லை. ஒரே ஒரு வழி இருந்தது. இன்னொருத்தர் வீட்டில் சம்பளத்துக்கு அதே அடுப்படி வேலையைச் செய்தால் அவள் 'இன் சர்வீஸ்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் 'இன் சர்வீஸ்'. 'தி' விழுந்துவிட்டது. கல்யாணமாகித் தன் வீட்டு அடுப்புக்கு வந்ததும் அவள் திரும்ப 'இன் தி கிச்சன்'.

இது ஆங்கிலத்தின் அல்பத்தனம் என்று விட்டுவிட முடியவில்லை. தமிழில் 'தி' இல்லை, ஆனால் இந்த வித்தியாசம் இருக்கிறது. "அவ வேலைக்குப் போயிருக்கா" என்பது வேறு, "அவ ஒரு வேலையாப் போயிருக்கா" என்பது வேறு. 'ஒரு' சேர்ந்தால் ரேஷன் கடை, கரண்ட் பில். 'ஒரு' இல்லாவிட்டால் உத்தியோகம். "பள்ளிக்கூடம் விட்டாச்சு" என்றால் கூடம் எங்கும் போகவில்லை, பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். கட்டிடத்தின் பெயரைச் சொல்லி வேளையைக் குறிக்கிற வித்தை நமக்கும் தெரியும். அந்த 'ஒரு'வை யாருக்கு எடுப்பது, யாருக்கு வைப்பது என்பதும் தெரியும்.

எங்கள் ஊர் கோயம்புத்தூருக்கு வெளியே, பஞ்சாலைகளின் ஊர். ஷிஃப்ட் மாறும்போது மில்லில் சங்கு ஊதும். சைரனைச் சங்கு என்போம். ஏழு மணி ஷிஃப்டுக்கு ஆறரைக்கு முதல் சங்கு. அதற்குள் அப்பா குளித்துச் சாப்பிட்டு, தூக்குப்போசி கட்டி சைக்கிளில் தொங்க வேண்டும். ஆக அம்மா நாலரைக்கு எழுந்தாக வேண்டும். அம்மாவுக்குச் சங்கு கிடையாது. சங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எழுப்ப யாரும் எதுவும் ஊதுவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடத்தில் விவரம் கேட்பார்கள். அப்பா? மில்லு வேலைங்க சார். அம்மா? வேலைக்குப் போகலீங்க சார், வீட்லதான் இருக்காங்க. பன்னிரண்டு வருஷம் இதையே சொல்லியிருக்கிறேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, யாரும் அரை மார்க் கழிக்கவில்லை.

*

ஸ்டாண்டப்புக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று மென்பொருள் செய்கிற புதிய முறைகள் கிளம்பின. 2001-இல் யூட்டாவின் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி, ஏஜைல் என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்த முறைகளில் தினமும் ஒரே நேரத்தில் டீம் கூட வேண்டும். பதினைந்து நிமிடம். உட்கார்ந்தால் இழுத்துக்கொண்டே போகும் என்பதால் நின்றுகொண்டு. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறாய். பெனடிக்டின் துறவிகளுக்கு அவ்வளவாக ஆச்சரியம் இருந்திருக்காது.

முதலில் அது 'ஸ்டாண்டப் மீட்டிங்'. பிறகு மீட்டிங் உதிர்ந்தது. பிறகு 'தி'யும். அந்த டீமில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் நான் 'தி ஸ்டாண்டப்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியிலிருந்து அதைப் பார்க்கப் போகிற ஆள் மாதிரி. ஜெயிலுக்கு மனு போட்டுப் போகிற அம்மா மாதிரி. நண்பர் எடுத்துவிட்டது அதைத்தான். நீ உள்ளே இருக்கிற ஆள்ப்பா என்று அவர் நினைத்துச் செய்திருக்க மாட்டார், காதுக்கு உறுத்தியிருக்கும், அவ்வளவே. எனக்கு அது அப்படிப் பட்டது. அதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பயமும். சர்ச், ஸ்கூல், பிரிசன் எல்லாம் நினைவுக்கு வந்தன.

2020 மார்ச்சில் ஆபீஸ் பூட்டியது. ஸ்டாண்டப் பூட்டவில்லை. யாரும் நிற்கவில்லை, பாதிப் பேர் கட்டிலில் படுத்தபடி, கேமரா இல்லாமல். இருந்தும் அது ஸ்டாண்டப். 'அட் வர்க்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு வீட்டு லுங்கியில் இருந்தோம். அக்கா மகள் ஒன்பது மணிக்குச் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து யூனிஃபார்ம் சட்டை மட்டும் மாட்டிக்கொண்டு உட்காருவாள். "மாமா, சத்தம் போடாதீங்க, ஸ்கூல் ஆரம்பிச்சிருச்சு." பின்னால் அடுப்படியில் அக்கா குக்கரின் விசிலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஃபாக்ஸ் இருந்திருந்தால், கோபுர வீடு எதற்கு என்று அன்றைக்கே சொன்னேனே என்றிருப்பார். பெனடிக்டின் மணியும் இந்த சாஃப்ட்வேர் காலண்டரின் டிங்கும் ஒரே குடும்பம் என்று தோன்றியது அப்போதுதான்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை மயக்க மருந்தின் குழப்பம் இன்னும் தெளியாமல் எழுந்து, "சங்கு ஊதிருச்சா?" என்று கேட்டார். மில்லை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சங்கைப் பற்றிக் கேட்டால் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு எப்படி இருக்கும்? ஒருத்தர் எழுந்து உட்கார்ந்தேவிட்டார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் மணி பார்த்தேன். நாலரை. அம்மா ஏற்கெனவே எழுந்து ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வைத்திருந்தாள். போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னாள்:

"இன்னும் இல்லீங்க. தூங்குங்க, நான் எழுப்பறேன்."